லெட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி: சந்தாப் பட்டியலும் ஒரு மெக்ரோவும்

எக்செல்லில் வீலுக்கப், அதாவது ஒன்றைப் பட்டியலில் தேடி அதற்கு நேரே இருப்பதை எடுத்துத் தரும் சூத்திரம், போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதன் கடைசி இடத்தில் ஃபோல்ஸ் என்றோ 0 என்றோ போட்டுப் பழகியிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்த இடத்தையே எழுதாமல் விட்டால் எக்செல் அதை ட்ரூ என்று எடுத்துக்கொள்ளும். கிட்டத்தட்டப் பொருத்தம் என்று அதற்கு விளக்கமும் கொடுத்திருப்பார்கள். பெயர்ப்பட்டியலோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதைவிட ஆசை காட்டும் வார்த்தை கிடையாது. 'லட்சுமி' என்று தேடினால் 'லெட்சுமி'யைக் கொண்டுவந்து தரும் போலிருக்கிறதே என்று தோன்றும்.

தராது. அது எண்களுக்காகச் செய்த ஏற்பாடு. வரிசைப்படுத்திய பட்டியலில், நாம் தேடும் மதிப்பைத் தாண்டாத ஆகப் பெரிய மதிப்பை எடுத்துத் தரும். 75 புள்ளிக்கு மேல் ஏ, 65க்கு மேல் பி என்று சாதாரண தரப் பெறுபேறு போடுவதற்கு அருமையான சாமான். பெயரில் போட்டால், அகரவரிசையில் முன்னால் நிற்கிற யாரோ ஒருவருடைய கணக்கைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். பிழை என்று சிவப்புக் கொடியும் காட்டாது. பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால் என்ன வரும் என்று சொல்லவே முடியாது.

நான் இலங்கை மலையகத்தில், அட்டனில் ஒரு சின்ன கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, படிவம் நிரப்புதல், டைப்பிங், இடையில் யாராவது கொண்டுவரும் கணக்கு. பொகவந்தலாவைப் பக்கத்து மரண உதவிச் சங்கமொன்றின் செயலாளர் அண்ணன் கொண்டுவந்த பட்டியல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வெளியூர் வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. தேயிலைத் தோட்டத்துக்குத் தோட்டம், சில இடங்களில் தோட்டத்தின் பிரிவான டிவிசனுக்கு டிவிசன், இப்படி ஒரு சங்கம் இருக்கும். மாதாமாதம் ஒரு சிறு தொகை சந்தா. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், கதிரை, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் சங்கம் கைகொடுக்கும். சந்தா நிலுவையில் கிடந்தால் கிடைக்கும் தொகையில் வெட்டு விழும். ஆகவே பட்டியலில் ஒரு பெயர் தவறிப்போனால் அது வெளியில் தெரியவருவது எந்த நேரத்தில் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் பெட்டியைக் கிடத்திவைத்துக்கொண்டு, "கட்டினோம்", "பதிவில் இல்லையே" என்று வாசலில் பேச்சு நடக்கும்.

அண்ணனிடம் இரண்டு ஷீட் இருந்தன. ஒன்று அங்கத்தவர் பதிவேடு. வருஷக்கணக்காக வெவ்வேறு பிள்ளைகள் டைப் செய்தது. மற்றது ஒவ்வொரு டிவிசனிலும் சந்தா சேர்ப்பவர் கொப்பியில் எழுதி அனுப்புகிற மாதப் பட்டியல். அதையும் யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் டைப் செய்கிறார்கள். பதிவேட்டில் 'இராமையா', சந்தாவில் 'ராமையா'. அங்கே 'முத்தய்யா', இங்கே 'முத்தையா'. கருப்பாயி, கறுப்பாயி, கருப்பாய். ரெங்கசாமி, ரங்கசாமி, அரங்கசாமி. ரெத்தினம், ரத்தினம், இரத்தினம். ஊர்ப் பெயரும் விதிவிலக்கில்லை: தலவாக்கலைக்காரரே தலவாக்கொல்லை என்றும் எழுதுவார், அப்புத்தளையும் ஹப்புத்தளையும் ஒரே விலாசத்தில் வரும், அட்டனா ஹட்டனா என்று என் கடைப் பலகை எழுதியவரே கேட்டார். வீலுக்கப்பைப் போட்டால் நெடுக 'இல்லை' என்றுதான் வந்தது. கட்டியவர்களில் பெரும் பங்கு கட்டாதவர்களாகத் தெரிந்தார்கள்.

"இதெல்லாம் ஒரே ஆளுன்னு எனக்குத் தெரியுது தம்பி. கம்பியூட்டருக்கு ஏன் தெரியல?" என்றார் அண்ணன்.

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் விளாடிமிர் லெவன்ஷ்டைன் என்கிற சோவியத் கணிதவியலாளர். 1965இல் அவர் எழுதிய கட்டுரைக்கும் ஆட்களின் பெயருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. செய்தி அனுப்பும் வழியில் குறிகள் விழுந்துபோனாலோ, கூடினாலோ, மாறினாலோ எப்படிக் கண்டுபிடித்துத் திருத்துவது என்பதுதான் அவருடைய கவலை. அங்கிருந்து வந்த அளவைதான் இன்று எல்லோரும் பயன்படுத்துவது: ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற, ஓர் எழுத்தைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது என்ற மூன்று வேலைகளில் குறைந்தபட்சம் எத்தனை தேவை? அந்த எண்தான் இரண்டு சொற்களுக்கு இடைப்பட்ட தூரம். தூரம் 0 என்றால் இரண்டும் ஒன்றே.

எக்செல்லில் இதற்கென்று பொத்தானோ சூத்திரமோ இல்லை. எக்செல்லுக்குள்ளேயே இருக்கிற விஷுவல் பேசிக் என்ற கணினி மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதினால் போதும் (இப்படி எழுதுவதைத்தான் மெக்ரோ என்கிறேன்), ஒரு பக்கம்கூட வராது. ஒரு கட்டப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு பெயரின் எழுத்துகள், இடப்பக்கம் மற்றப் பெயரின் எழுத்துகள். முதல் வரிசையிலும் முதல் நிரலிலும் 0, 1, 2 என்று எண்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று பக்கத்திலிருந்து வரலாம்: மேலிருந்து வந்தால் ஒன்று கூட்டு, இடமிருந்து வந்தால் ஒன்று கூட்டு, மூலையிலிருந்து வந்தால் எழுத்து ஒன்றாயின் ஒன்றும் கூட்டாதே, வேறாயின் ஒன்று கூட்டு. மூன்றில் சிறியதை எழுது. வலது கீழ் மூலையில் வந்து நிற்கிற எண்தான் விடை. இரண்டு 'ஃபோர்' சுற்று, மதிப்புகளை வரிசையாக வைத்திருக்க ஓர் அரே, அவ்வளவுதான். முழுப் பலகையையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. முந்தைய வரிசை ஒன்றும் இப்போதைய வரிசை ஒன்றும் இருந்தால் காணும்.

சரி, இதைத் தமிழ்ப் பெயரில் ஓடவிட்டால்? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விஷுவல் பேசிக் தமிழை நாம் படிக்கிறபடி படிப்பதில்லை. நமக்கு 'மி' ஓரெழுத்து. அதற்கு 'ம' ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் தனியாக ஒன்று. 'லட்சுமி'யின் நீளம் என்ன என்று கேட்டால் 7 என்று சொல்லும். 'லெட்சுமி' 8. இரண்டுக்கும் தூரம் 1. 'இலட்சுமி'க்கும் 'லட்சுமி'க்கும் 1. நல்லது. இனி 'லக்ஷ்மி'யைப் பாருங்கள். 'ட' போய் 'க', 'ச' போய் 'ஷ', உகரக் குறி போய் புள்ளி: தூரம் 3. அடுத்து 'செல்வன்', 'செல்வி'. 'ன' இருந்த இடத்தில் இகரக் குறி, புள்ளி நீங்கியது: தூரம் 2. ராமையாவுக்கும் ராமாயிக்கும்கூட 2தான்.

அதாவது லட்சுமிக்கும் லக்ஷ்மிக்கும் உள்ள தூரத்தைவிட அண்ணனுக்கும் தங்கைக்கும் உள்ள தூரம் குறைவு! ஒரே ஆள் என்று கொள்ளும் எல்லையை 3 என்று வைத்தால் ராமையா கட்டிய சந்தா ராமாயி பெயரில் ஏறலாம். 2 என்று வைத்தால் லக்ஷ்மி வெளியே நிற்பார். எந்த எண்ணைக் கொடுத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. பெயரின் நீளத்தால் வகுத்துச் சதவீதம் எடுத்தாலும் இதே கதைதான். 'ராசு', 'ராஜு' மாதிரிக் குட்டிப் பெயர்களில் சதவீதம் இன்னும் மோசமாக ஆடும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 1964இல் ஃபிரெட் டேமரோ என்கிற ஐபிஎம்காரர் எழுத்துப் பிழைகளை ஆராய்ந்து, அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரேயொரு எழுத்து தவறியது, கூடியது, மாறியது, அல்லது பக்கத்து எழுத்தோடு இடம் மாறியது என்று காட்டினார். தூரத்தை வைத்துப் பிழை பிடிக்கிற வேலைக்கெல்லாம் அந்தக் கணக்கு பெரிய ஆதாரம். ஆனால் அது கை தவறுகிறவர்களைப் பற்றிய கணக்கு. நம் பட்டியலில் லெட்சுமி என்று எழுதியவருக்கும் கை தவறவில்லை, லக்ஷ்மி என்று எழுதியவருக்கும் கை தவறவில்லை. ஒருவர் காதில் விழுந்ததை எழுதினார், ஒருவர் பள்ளிக்கூடத்தில் படித்ததை எழுதினார், ஒருவர் சிங்களத்தில் எழுதப்பட்ட பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து எழுதினார். தவறு செய்யாதவர்களின் பட்டியலைத் தவறு பிடிக்கும் கருவியால் அளந்தால் இப்படித்தான் வரும்.

அதனால் தூரம் பார்ப்பதற்கு முன்னால் வேறொரு வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு 'சாவிப் பெயர்' உண்டாக்கினேன். யாரும் படிப்பதற்காக இல்லை, ஒப்பிடுவதற்கு மட்டும். முதல் எழுத்து இகரமாகவோ அகரமாகவோ இருந்து அடுத்தது 'ர' அல்லது 'ல' வரிசையானால் முன்னால் நிற்பதைத் தூக்கு. 'ஷ', 'ஸ', 'ஜ' மூன்றும் 'ச' ஆகட்டும். 'ற' எல்லாம் 'ர'. 'ள', 'ழ' இரண்டும் 'ல'. 'ண', 'ந' இரண்டும் 'ன'. ஐகாரக் குறி வந்தால் 'ய்' என்று விரி. இரட்டித்த மெய் ஒற்றையாகட்டும். பெயரின் முதலில் 'லெ', 'ரெ', 'ஜெ' என்று வந்தால் எகரத்தை எடுத்துவிடு. 'ட்சு', 'க்ஷ்', 'ச்சு' எல்லாம் ஒரே குறி. முடிவில் 'அம்மாள்' என்றிருந்தால் 'அம்மா', 'ஆய்' என்றிருந்தால் 'ஆயி'.

இந்த விதிகளுக்குள் ஒரு வரிசை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 'ட்சு', 'க்ஷ்' விதி முதலில் ஓட வேண்டும். 'ஷ'வை 'ச' ஆக்குகிற விதி முந்திக்கொண்டால் பிறகு 'க்ஷ்' என்று தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இரட்டை மெய்யை ஒற்றையாக்குவது ஆகக் கடைசியில்.

இலக்கண ஆசிரியர்கள் யாரும் இதைப் படித்தால் கையில் பிரம்பை எடுப்பார்கள். அரமும் அறமும் ஒன்றா என்பார்கள். சந்தாப் பட்டியலில் அரமும் வராது, அறமும் வராது. கறுப்பையாவும் கருப்பையாவும்தான் வருவார்கள்.

இதில் எந்த விதியும் நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டதில்லை. வீலுக்கப் 'இல்லை' என்று தள்ளிய பெயர்களை அண்ணன் வாசிக்க வாசிக்க, "இது அது" என்று அவர் சொன்ன இடங்களைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனோம். ஒரே மாதிரி மாற்றம் திரும்பத் திரும்ப வந்தால் அது விதி. ஒரு தடவைதான் வந்தது என்றால் விதியாக்குவதில்லை. கொழும்புப் பட்டியலோ யாழ்ப்பாணப் பட்டியலோ வந்திருந்தால் விதிகள் வேறாக இருந்திருக்கும். 'ரெங்கன்', 'லெட்சுமணன்' என்று எகரம் ஏறுவது எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணம்.

இந்த விதிகளை மெக்ரோவுக்குள்ளேயே எழுதலாம் என்று போனால் ஒரு சுவரில் முட்டுவீர்கள். விஷுவல் பேசிக் எழுதும் அந்தப் பழைய சன்னலுக்குத் தமிழ் தெரியாது. 'ல' என்று ஒட்டினால் கேள்விக்குறி வரும். எண்ணால் சொல்லலாம்: யுனிகோடில் 'ல'வுக்கு 2994, கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று. விதி முப்பது ஆனதும் அது யாராலும் படிக்க முடியாத எண் காடாகிவிடும். அதைவிட, 'விதிகள்' என்று ஒரு ஷீட் வைத்து, முதல் நிரலில் மாற்ற வேண்டியது, இரண்டாவதில் மாற்றாக வருவது என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். மெக்ரோ அதை மேலிருந்து கீழாக வாசித்து வரிசையாக மாற்றிக்கொண்டு போகும். புது விதி சேர்க்க அண்ணனுக்கு என் தயவு தேவையில்லை.

எல்லா விதிக்கும் முன்னால் ஓட வேண்டிய ஒரு விதி உண்டு. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்களைத் துடைப்பது. 'பொன்னம்மா' என்று இரண்டு ஷீட்டிலும் இருக்கும், கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் ஒன்றுதான், மெக்ரோ தூரம் 2 என்று சொல்லும். காரணம், 'பொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை 3018 என்று ஒரே எண்ணாக வைக்கலாம். கொம்பும் காலுமாக 3014, 3006 என்று இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். எந்த விசைப்பலகையில், எந்த மாற்றியில் டைப் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஓகாரத்துக்கும் இதே கதை. 'கௌரி' இன்னும் கெட்டிக்காரி. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு 'ள' என்ற எழுத்தையே அடித்துவைத்திருப்பார்கள். திரையில் ஒன்றேதான்.

இடைவெளியும் அப்படித்தான். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களின் பின்னால் 160 என்ற எண்ணுடைய இடைவெளி ஒளிந்திருக்கும். எக்செல்லின் ட்ரிம் 32 என்ற சாதாரண இடைவெளியைத்தான் வெட்டும், இதைத் தொடாது. ஆகவே முதலில் 160ஐ 32 ஆக்கு, பிறகு ட்ரிம். பாமினி என்ற எழுத்துருவில் அடித்த பழைய ஷீட் என்றால் பேச்சே வேறு. அது தமிழ் உடுப்புப் போட்ட இங்கிலீஷ் எழுத்து. முதலில் யுனிகோடுக்கு மாற்றாமல் எதையும் ஒப்பிட முடியாது.

இவ்வளவும் செய்து, சாவிப் பெயர்களை ஒப்பிட்டபோது பெரும்பாலானவை தூரம் 0 ஆகப் பொருந்திவிட்டன. லெவன்ஷ்டைனுக்கு மிஞ்சியது உண்மையான கைப்பிழைகள் மட்டும்: 'சுப்பையா'வில் யகரம் தவறியது, 'மாரிமுத்து'வில் ரி போய் றி வந்து அதற்கும் மேல் ஒரு கால் கூடியது. அந்த மிச்சத்துக்கு அவர் கச்சிதமானவர்.

அப்போதும் செல்வனும் செல்வியும் தொல்லை கொடுத்தார்கள். அதற்காகக் கட்டப் பலகையில் ஒரு திருத்தம் செய்தேன். எல்லா மாற்றத்துக்கும் ஒரே விலை என்று யார் சொன்னது? பெயரின் கடைசி இரண்டு குறிகளில் வரும் மாற்றத்துக்கு மூன்று மடங்கு விலை. ஆண் பெயரும் பெண் பெயரும் பிரிவது பெரும்பாலும் வாலில்தான்: கருப்பன், கருப்பாயி, செல்லையா, செல்லம்மா, பழனியாண்டி, பழனியம்மா. வாலில் கை வைத்தால் விலை ஏறும் என்றதும் அண்ணன் தங்கைகள் விலகிக்கொண்டார்கள்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் அங்கத்தவர், ஆயிரம் சந்தா வரி என்றால் பத்து லட்சம் ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் அறுபது எழுபது கட்டம். ஃபங்ஷனை ஒவ்வொரு செல்லிலும் எழுதி, அது ஒவ்வொரு தடவையும் ஷீட்டுக்குப் போய்ப் பெயரை வாசித்துவிட்டு வந்தால், போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இரண்டு நிரலையும் ஒரே மூச்சில் அரேயில் ஏற்றி, நினைவகத்துக்குள்ளேயே ஒப்பிட்டு, விடையை ஒரே மூச்சில் ஷீட்டில் இறக்குங்கள். அதைவிடப் பெரிய லாபம், எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிடாமல் இருப்பது. மேல்டிவிசன்காரர் கீழ்டிவிசனில் சந்தா கட்டுவது அபூர்வம். பத்து டிவிசன், ஒவ்வொன்றிலும் நூறு பேர் என்றால் டிவிசனுக்குள் மட்டும் ஒப்பிட ஒரு லட்சம் ஜோடி போதும். பத்தில் ஒரு பங்கு வேலை, வேறு டிவிசன் லெட்சுமியோடு குழம்புகிற பயமும் குறைகிறது.

பெயர் அச்சாகப் பொருந்திவிட்டாலும் ஆள் ஒன்றாக வேண்டியதில்லை என்பது மலையகத்தில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் உள்ள வாட்டம் இல்லை, ஆனால் இங்கே அது கூடுதல். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) இரண்டு லெட்சுமி, இரண்டு பேருக்கும் தகப்பன் பெயர் சுப்பையா என்று வந்தால் எந்தச் சூத்திரமும் கையை விரிக்கும். அப்போது பெயரை விட்டுவிட்டு வேறு எதையாவது பிடிக்க வேண்டும். காம்பிரா (லயத்து அறை) இலக்கம், செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) நம்பர், அடையாள அட்டை இலக்கம்.

அடையாள அட்டை இலக்கம் அருமையான சாட்சி. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். செல்வனா செல்வியா என்று கேட்டால் பெயரைவிடத் தெளிவாக அந்த மூன்று இலக்கம் சொல்லிவிடும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். பதிவேட்டில் பழையது, சந்தாவில் புதியது என்று இருந்தால் மெக்ரோவில் மாற்றிக்கொள்ளலாம்: முன்னால் 19 சேர், நாள் எண்ணுக்குப் பிறகு ஒரு 0 செருகு, கடைசி எழுத்தை எடுத்துவிடு. பன்னிரண்டு இலக்கத்தை எண்ணாகவே விட்டால் எக்செல் அதைப் புள்ளியும் அடுக்குமாகச் சுருக்கிக் காட்டும் என்பதால், அந்த நிரலை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள்.

கடைசியில் மெக்ரோ தருவது மூன்று ஷீட். சாவிப் பெயரும் காம்பிராவோ செக்ரோலோ ஒன்றும் ஒத்துப்போனவை முதல் ஷீட்டில். அதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றுமே கிட்ட வராதவை மூன்றாவதில். நடு ஷீட்தான் முக்கியம். அதில் ஒவ்வொரு சந்தா வரிக்கும் எதிரே ஆகக் கிட்டிய மூன்று அங்கத்தவர் பெயர்களும் தூரமும் இருக்கும், கடைசியில் ஒரு வெறும் நிரல். அந்த வெறும் நிரலை மெக்ரோ நிரப்பாது. நிரப்பச் சொல்லி அண்ணன் கேட்டார். முதலாவது பெயரை அதுவே போட்டுவிட்டால் என்ன, நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகத்தானே இருக்கிறது என்றார்.

"மிச்சம் பத்துப் பேர் வீட்டுல சாவு விழுந்தா யாருண்ணே போய்ப் பேசுறது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஷீட்டைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னார்.

அந்தப் பிரிண்ட் டிவிசனுக்கு டிவிசன் போனது. சந்தா சேர்ப்பவர் பேனையோடு உட்கார்ந்து, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் போகிற வழியில் இரண்டு பேரைக் கேட்டு, வெறும் நிரலை நிரப்பிக் கொண்டுவந்தார். "இது எங்க அத்தை, பேரு லக்ஷ்மிதான், நாங்க லெச்சுமின்னு கூப்பிடுவோம்" மாதிரியான குறிப்புகள் ஓரத்தில். கணினி வேலை என்று சொல்லிக்கொண்டாலும் எனக்கு இதில் பிடித்த பகுதி அந்த ஓரக் குறிப்புகள்தான்.

அவர்கள் ஊர்ஜிதம் செய்த ஜோடிகளை 'தெரிந்த பெயர்கள்' என்று நான்காவது ஷீட்டில் சேர்த்துவைத்தோம். அடுத்த மாதம் மெக்ரோ முதலில் அதைப் பார்க்கும், சாதாரண வீலுக்கப், கடைசியில் 0. அங்கே இல்லாவிட்டால்தான் சாவிப் பெயர், அதற்கும் அப்பால்தான் தூரம். மாதம் போகப் போக லெவன்ஷ்டைனுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. புதிதாக டைப் செய்ய ஒரு பிள்ளை வந்தால் மட்டும் கொஞ்சம் கூடும்.

மைக்ரோசொப்ட் 365 வைத்திருப்பவர்கள் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். அதிலுள்ள பவர் குவெரி என்ற கருவியில் இரண்டு பட்டியலைச் சேர்க்கும்போது 'ஃபஸி' என்று ஒரு குறியிட்டால் அதுவே கிட்டிய பெயர்களைச் சேர்த்துவிடும். எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்ற எல்லை 0.80 என்று தானாக இருக்கும், மாற்றலாம், நம்முடைய மாற்றுப் பட்டியலையும் கொடுக்கலாம். நல்ல வசதி. ஆனால் வாலுக்கு மூன்று மடங்கு விலை வை என்று அதனிடம் சொல்ல முடியாது. சங்கத்துக் கம்பியூட்டரில் இருப்பதும் பழைய எக்செல்.

மெக்ரோ உள்ள ஃபைலை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "போன்ல ஓட மாட்டேங்குது" என்று சொன்னவர்களும் உண்டு. போனில் மெக்ரோ ஓடாது. கணினியில் இறக்கினாலும், வெளியிலிருந்து வந்த மெக்ரோ ஃபைலை எக்செல் இப்போதெல்லாம் தடுத்துவைக்கும். ஃபைலின் ப்ரொபட்டீஸில் போய்த் தடையை எடுக்க வேண்டும். யாரோ அனுப்பிய ஃபைலுக்கு அதைச் செய்யாதீர்கள். மற்றவர்களுக்கு முடிவை மட்டும் சாதாரண ஃபைலாக அனுப்பினால் போதும்.

இங்கிலீஷில் எழுதிய பட்டியல்கள் தனி உலகம். ஒலியை வைத்துப் பெயரைக் குறியாக்கும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு அமெரிக்காவில் ரொபர்ட் ரஸல் என்பவர் 1918இலேயே காப்புரிமை எடுத்திருக்கிறார். முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளைத் தூக்கி, மெய்களை ஆறு கூட்டமாக்கி மூன்று எண் தரும். பரவலாகக் கிடைக்கிற மெக்ரோ இதுதான். லக்ஷ்மி என்று படிக்கிற மாதிரி இங்கிலீஷில் எழுதினால் எல் 250 வரும். நடுவில் எக்ஸ் போட்டு எழுதுகிறவர்களுக்கும் எல் 250. ஆனால் தோட்டப் பதிவேடுகளில் வழக்கமாக வருகிற லெட்சுமி, டீ-யும் சீ-எச்சும் போட்டு எழுதுவது, எல் 325 ஆகிவிடும். ஞானத்துக்கு முன்னால் ஜீ போடுகிறவரும் போடாதவரும், யோகம்மாவை வையில் தொடங்குகிறவரும் ஜேயில் தொடங்குகிறவரும் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடுவார்கள். அமெரிக்கக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்த சட்டையை எங்கள் ஆட்களுக்கு மாட்டிப் பார்த்த கதை.

அந்தப் பட்டியல்களைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், சங்கத்துக் கதை பரவியதும் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஊழியர் சேமலாப நிதியைப் பற்றித்தான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த நிதி. தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், நிர்வாகத்திடமிருந்து 12 சதவீதம் என்று உழைத்த காலம் முழுவதும் சேர்ந்த காசு. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். அப்போது அடையாள அட்டையில் ஒரு எழுத்து, நிதிப் பதிவில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது எழுத்து என்று வந்தால் அலைச்சல்தான். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது பதிவேடுகளும் கை மாறின. எங்கள் பாட்டன் தலைமுறைக்கு அதற்கு மேலும் பிரஜாவுரிமைப் பத்திரங்கள், இந்தியாவோடு செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் போட்ட விண்ணப்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

"92 சதவீதம் ஒத்துப்போகுதுன்னு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க தம்பி, காட்டிப் பார்ப்போம்" என்று ஓர் அம்மா கேட்டார். எடுத்துக் கொடுத்து என்ன செய்ய? சங்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த அத்தையைத் தெரியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது, தெரிந்தது மாதிரி அவர் நடந்துகொள்ளவும் கூடாது. அங்கே வேண்டியது இரண்டு பெயரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசி, கிராம சேவகரின் கடிதம், கேட்கிற மற்றப் பத்திரங்கள்.

அதனால் இப்போது அதே மெக்ரோவை வேறு விதமாக ஓட்டிப் பார்க்கிறோம். சங்கப் பதிவேட்டில் விருப்பப்பட்டவர்கள் மட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியும் சேமலாப நிதிக் கூற்றில் உள்ளபடியும் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே பொருந்துகிறவர்களைத் தேடவில்லை. தூரம் 0 இல்லாத எல்லோரையும் எடுத்து, ஓய்வு பெற இன்னும் எத்தனை வருஷம் என்று அடையாள அட்டை இலக்கத்திலிருந்து கணக்குப் பார்த்து, கிட்ட இருப்பவர்களை மேலே வரிசைப்படுத்துகிறது. சாவிப் பெயர் விதிகளை இதற்கு நிறுத்திவிட்டேன். நமக்கு ஒன்றாகத் தெரிகிற லெட்சுமியும் லட்சுமியும் அங்கே இரண்டாகத்தான் எண்ணப்படுவார்கள். மேலே நிற்கிறவர்கள் சிலர் கடதாசி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். விதிகள் ஷீட்டின் வெறும் பிரதி வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், பென்ட்ரைவ் கொண்டுவந்தால் போதும்.